ஏசி போட்டால் மட்டும் சூடாகும் கார்: முதலில் எதில் கை வைப்பது?

தேவகோட்டையில் இருக்கும் அக்கா வீட்டு மச்சான் ஒரு நாள் காலையில் போன் செய்தார். "மாப்ளே, ஏசி போட்டா வண்டி ஹீட் ஆகுது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இறக்கிப் பார்க்கணும்னு சொல்றாங்க. விட்டுடவா?" என்று கேட்டார். ஹெட் என்பது இன்ஜினின் மேல்பகுதி, கேஸ்கெட் அதற்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு. எனக்குப் பழைய நினைப்பு வந்துவிட்டது. மூன்று வருடங்களுக்கு முன்னால் என் காருக்கும் இதே நோய், இதே தீர்ப்பு. அன்றைக்கு நானும் சரி என்று சொல்லப் போனவன்தான். "இறக்க வேண்டாம் மச்சான், சனிக்கிழமை வர்றேன்" என்று சொல்லி வைத்தேன்.

என் காரில் கோளாறு ஒரு சின்ன ரிலே, அதாவது கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச். மச்சான் வண்டியில் அது இல்லை, வேறு. ஆனால் இரண்டு வண்டிக்கும் சொன்ன வாக்கியம் ஒன்றுதான்: "ஏசி போட்டா ஹீட் ஆகுது." அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கடையில் சொல்லிவிட்டு வண்டியை விட்டு வருகிறோம். அங்கே இருப்பவருக்குத் தெரிந்த வேலை எதுவோ அது நடக்கிறது. ரேடியேட்டர் கடையில் ரேடியேட்டரைக் கழற்றுவார்கள், ஏசி கடையில் கேஸை இறக்கி ஏற்றுவார்கள், இன்ஜின் வேலை செய்கிறவர் ஹெட்டைத் திறப்பார். அவர்களைக் குறை சொல்லவில்லை. எந்தக் கடைக்குப் போவது என்று முடிவு செய்கிற வேலை நம்முடையது, அதை நாம் செய்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம். நம் முன்னால் உள்ள வழிகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்தால் எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்குத் தள்ளுவது என்பது தெளிவாகிவிடும்.

ஏசி என்ன செய்கிறது

நம் செட்டிநாட்டு வீடுகளில் முகப்பில் நின்று பார்த்தால் வளவு தாண்டி, இரண்டாம் கட்டு தாண்டி, பின்வாசல் வரை நேராகத் தெரியும். வாசல்களை ஒரே கோட்டில் வைத்துக் கட்டியதால் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். காரின் முன்பக்கமும் இப்படித்தான். முதலில் ஏசியின் கண்டென்சர், அதற்குப் பின்னால் இன்ஜின் தண்ணீரைக் குளிர்விக்கும் ரேடியேட்டர், அதற்கும் பின்னால் ஃபேன். மூன்றும் ஒரே காற்றை நம்பி நிற்கின்றன.

ஏசி போட்டதும் காருக்குள் இருக்கும் சூடு கண்டென்சர் வழியாக வெளியேறுகிறது. வெளியே 40 டிகிரி வெயில் அடிக்கும்போது கண்டென்சருக்குள் ஓடும் கேஸ் 55, 60 டிகிரிக்கு வந்துவிடும். அதை உரசிக்கொண்டு வரும் காற்றுதான் ரேடியேட்டருக்குக் கிடைக்கிறது. இன்ஜின் தண்ணீர் 95 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏசி இல்லாதபோது அதற்கும் காற்றுக்கும் 55 டிகிரி வித்தியாசம். ஏசி போட்டு, காற்று 50 டிகிரியாக வந்தால் வித்தியாசம் 45 தான். ரேடியேட்டர் தள்ளிவிடக்கூடிய சூட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. இதற்கு மேல் கம்ப்ரஸரைச் சுழற்ற இன்ஜின் கூடுதலாக உழைக்க வேண்டும், அந்தச் சூடும் சேரும்.

நல்ல நிலையில் இருக்கும் வண்டி இதையெல்லாம் கத்திரி வெயிலிலும் தாங்கும். அப்படிக் கணக்குப் போட்டுத்தான் ரேடியேட்டரை வைக்கிறார்கள். தாங்கவில்லை என்றால் ஏற்கனவே எங்கோ ஒரு குறை இருக்கிறது, ஏசி போட்டதும் அது வெளியே தெரிகிறது.

அதனால்தான் "ஏசி போடாம ஓட்டிக்கலாம்" என்ற வழியை நான் கடைசியில் வைக்கிறேன். மார்கழியில் அது சரியாகப் போவது போலத் தோன்றும். சித்திரையில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மலை ஏறும்போது ஏசி இல்லாமலேயே இன்ஜின் வெப்பத்தைக் காட்டும் முள் மேலே போகும். இன்றைய இன்ஜின்களில் ஹெட் அலுமினியம். ஒரு முறை அளவுக்கு மீறிச் சூடானால் வளைந்துவிடும், அப்புறம் இல்லாத ஹெட் வேலை உண்மையாகவே வந்து சேரும். நேரம் கிடைக்கும் வரை பத்து நாள் ஓட்டுவதற்கு இந்த வழி போதும், அதற்கு மேல் வேண்டாம்.

நின்றால் சூடா, ஓடினால் சூடா

செலவில்லாத சோதனை இதுதான். இதைவிடப் பயன் உள்ளதும் எனக்குத் தெரிந்து வேறில்லை.

வண்டி நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் மட்டும் சூடாகி, வேகம் எடுத்ததும் இறங்குகிறதா? அப்படியானால் காற்றில் குறை. ஓடும்போது எதிர்க்காற்று தானாக வந்துவிடுகிறது, நிற்கும்போது ஃபேன்தான் காற்றை இழுக்க வேண்டும், அது இழுக்கவில்லை.

மாறாக, ஊருக்குள் ஒழுங்காக இருந்து, நெடுஞ்சாலையில் 80, 90 வேகத்தில் பத்து நிமிடம் ஓடியதும் ஏறுகிறதா? காற்று நிறைய வருகிறது, ஆனாலும் சூடு போகவில்லை. அப்போது தண்ணீரின் பக்கம் பார்க்க வேண்டும்: ரேடியேட்டருக்குள் அடைப்பு, தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் வால்வு சரியாகத் திறக்காதது, பம்பு தள்ளாதது.

இரண்டிலும் ஏறினால் ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் இருக்கலாம், அல்லது கண்டென்சரும் ரேடியேட்டரும் வெளிப்பக்கம் அடைத்துப் போயிருக்கலாம்.

என் கார் முதல் வகை. கண்டனூர் பக்கத்து ரயில்வே கேட்டில் நின்றால் ஐந்தாவது நிமிடத்தில் முள் எழும். கேட் திறந்து இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் பழைய இடத்துக்கு வந்துவிடும். பங்குனியில் முத்துமாரியம்மன் கோவில் கூட்டத்துக்கு நடுவே அப்பத்தாவை வைத்துக்கொண்டு ஊர்ந்தபோது முள் சிவப்பைத் தொட்டது. ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்துவிட்டேன். ஹீட்டருக்குள்ளும் இன்ஜின் தண்ணீர்தான் ஓடுகிறது, அது ஒரு சின்ன ரேடியேட்டர் மாதிரி உதவும். "ஏய்யா, வெயில் பத்தாதுன்னு அடுப்பையும் பத்த வைக்கிறியா?" என்று அப்பத்தா கேட்டாலும் முள் இறங்கியது.

மச்சான் வண்டி ஏழு பேர் உட்காரும் டீசல். அது நின்றாலும் ஏறியது, மதுரைக்குப் போகும்போது காளையார்கோவில் தாண்டி வேகம் எடுத்தாலும் ஏறியது. போனில் இதை மட்டும் கேட்டுக்கொண்டேன்.

முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. பல கார்களில் முள்ளை நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். உள்ளே வெப்பம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அது அசையாது, அசையும்போது நிலைமை முற்றியிருக்கும். சில புது வண்டிகளில் முள்ளே இல்லை, சிவப்பு விளக்கு மட்டும்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஸ்கேனர் சாக்கெட்டில் செருகி போனில் வெப்பத்தை எண்ணாகக் காட்டும் சின்னக் கருவி கிடைக்கிறது. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "ஹீட் ஆகுது" என்று கடையில் சொல்வதற்கும் "கேட்டில் நிற்கும்போது 97ல் இருந்து 109 வரை போகிறது, ஓடினால் 95க்கு வருகிறது" என்று சொல்வதற்கும் நடுவில் ஆயிரக்கணக்கான ரூபாய் இருக்கிறது.

ஃபேன்: ஓடுகிறது என்பது போதாது

என் காரை முதலில் காட்டிய கடையில் பானெட்டைத் திறந்து ஏசி போட்டுப் பார்த்தார்கள். ஃபேன் சுழன்றது. "ஃபேன் ஓடுது தம்பி, அப்போ உள்ளேதான் கோளாறு" என்று சொல்லி ஹெட்டுக்கு நாள் குறித்தார்கள். என்னோடு வேலை பார்க்கும் நண்பர் தடுத்து, காரைக்குடியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கூட்டிக்கொண்டு போனார்.

அவர் கேட்ட முதல் கேள்வி: "எந்த ஸ்பீடுல ஓடுது?" எனக்கு அப்போதுதான் தெரிந்தது, பெரும்பாலான கார்களில் ஃபேனுக்கு இரண்டு வேகம் உண்டு என்று. ஏசி போட்டதும் மெதுவேகம். தண்ணீர் 100 டிகிரியை ஒட்டிப் போனாலோ ஏசி கேஸின் அழுத்தம் ஏறினாலோ முழுவேகம். சில வண்டிகளில் இரண்டு ஃபேன் இருக்கும், ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் மற்றது நின்றுபோனதை யாரும் கவனிப்பதில்லை. அவர் இன்ஜின் வெப்ப சென்சாரின் பிளக்கைக் கழற்றினார். அப்படிக் கழற்றினால் பல வண்டிகளில் கம்ப்யூட்டர் பயந்துகொண்டு ஃபேனை முழுவேகத்தில் ஓடவிடும். என் காரில் ஓடவில்லை. ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, ஃபேனின் ரிலே இருந்த இடத்தில் ஹார்னின் ரிலேயை மாற்றிச் செருகினார், இரண்டும் ஒரே வகை. ஃபேன் சீறிக்கொண்டு கிளம்பியது. மொத்தம் பத்து நிமிடம். ரிலேயின் கால் பட்ட இடம் கருகிப் பழுப்பாகியிருந்தது, அந்த சாக்கெட்டையும் மாற்றச் சொன்னார். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் காசில் ஹெட் வேலை தப்பியது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட், அதாவது இன்ஜின் தண்ணீரின் அளவைப் பாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து ஏசியை முழுக் குளிரில் வையுங்கள். சில விநாடிகளில் ஃபேன் சுழல வேண்டும். ஒரு செய்தித்தாள் பக்கத்தை கிரில்லுக்கு முன்னால் பிடித்தால் அது உள்ளே இழுபட்டு ஒட்ட வேண்டும். வெளியே தள்ளினால் யாரோ ஒயரை மாற்றிக் கொடுத்து ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. மோட்டார் மாற்றிய வண்டிகளில் இது நடக்கும். தாள் சும்மா தொங்கினால் மோட்டார் கார்பன் தேய்ந்து வலுவிழந்திருக்கலாம். இருபது நிமிடம் அப்படியே ஓடவிட்டு, சத்தம் ஒரு கட்டத்தில் மாறி வேகம் ஏறுகிறதா என்று காது கொடுங்கள். ஏறாமல் வெப்பம் 105ஐத் தாண்டினால் அணைத்துவிடுங்கள், பதில் கிடைத்துவிட்டது. ஃபேன் பக்கம் கையோ வேட்டி நுனியோ துப்பட்டாவோ போகக்கூடாது, சாவியை அணைத்த பிறகும் அது திடீரென்று சுற்றும்.

குவாலிஸ், சுமோ போன்ற பழைய வண்டிகளில் ஃபேன் பெல்ட்டில் ஓடும், நடுவில் எண்ணெய் நிரம்பிய ஒரு கப்ளிங் இருக்கும். இன்ஜின் நன்றாகச் சூடானதும் அணைத்துவிட்டு, எல்லாம் நின்ற பிறகு இறக்கையைக் கையால் தள்ளினால் கனமாக இருக்க வேண்டும். லேசாகக் காற்றாடி மாதிரி சுற்றினால் கப்ளிங் போய்விட்டது.

இங்கே இன்னொரு வழியும் சொல்வார்கள்: ரிலே, சென்சார் எதையும் பார்க்காமல் ஃபேனுக்கு நேராக ஒரு சுவிட்ச் போட்டுக் கொடுத்துவிடுவது. நடுவழியில் நின்றுவிட்டால் வீடு வந்து சேர இது நல்ல உபாயம். நிரந்தரமாக வேண்டாம். ஒரு நாள் சுவிட்ச் போட மறப்போம், மறுநாள் அணைக்க மறப்போம். ஃபேன் இழுக்கும் கரண்ட் அதிகம், அதற்கேற்ற தடிமனான ஒயரும் ஃபியூஸும் இல்லாமல் போட்டால் ஒயர் உருகும்.

வெளியே தூசி, உள்ளே சுண்ணாம்பு

சனிக்கிழமை தேவகோட்டைக்குப் போனேன். மச்சான் வண்டியில் ஃபேன் இரண்டு வேகத்திலும் ஒழுங்காக ஓடியது. முன்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று இருந்தது. வாட்டர் வாஷ் செய்யும்போதெல்லாம் தண்ணீர் பீய்ச்சும் கன்னால் முன்னாலிருந்து அடித்திருக்கிறார்கள். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறதே, அதற்குள் மேலிருந்து டார்ச் அடித்தோம். செம்மண்ணும் வைக்கோல் தூசியும் செத்த பூச்சிகளும் சேர்ந்து கம்பளி போலப் படிந்து கிடந்தன. மச்சானுக்குத் தோப்பு உண்டு, வாரம் இரண்டு முறை செம்மண் பாதையில் போய் வருகிறார். அறுவடைக் காலத்தில் நம் ஊர்ச் சாலைகளில் வைக்கோல் பறக்கும். முன்னாலிருந்து அடித்த தண்ணீர் அதையெல்லாம் இடைவெளிக்குள் தள்ளி அடைத்திருந்தது, கண்டென்சரின் மெல்லிய தகடுகளையும் பல இடங்களில் மடக்கியிருந்தது.

மேல் பட்டையைக் கழற்றி, கண்டென்சரைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தோட்டத்துக் குழாயின் சாதாரண அழுத்தத்தில் தண்ணீர் விட்டோம். அரை மணி நேரம் செங்குழம்பு வந்தது. மடங்கிய தகடுகளைப் பொறுமையாக நிமிர்த்தினோம். அன்று மாலை தேவகோட்டைக்குள் கூட்டத்தில் ஊர்ந்தபோது 98ஐத் தாண்டவில்லை. ஏசியும் முன்பைவிடக் குளிர்ந்தது.

என் கருத்து, செம்மண் ஊர்களில் ஓடும் வண்டிக்கு ஃபேனும் இந்தக் கழுவலும்தான் முதல் இரண்டு வேலை. செலவு மிகக் குறைவு, கெடுதல் எதுவும் இல்லை, பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். வேறு எந்த வழியிலும் இந்த மூன்றும் சேர்ந்து கிடைக்காது.

ஆனால் மறுநாள் சிவகங்கை சாலையில் 80 வேகத்தில் போனபோது எண் மெல்ல 106க்கு வந்தது. ஆக, தண்ணீர்ப் பக்கமும் குறை இருக்கிறது.

கூலன்ட் டப்பாவைத் திறந்தால் நிறமே இல்லை, துருநிறத் தண்ணீர். குறையக் குறையத் தோப்பு போர்வெல் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். நம் பக்கம் பலரும் இதைச் செய்கிறோம். காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க அருமையாக இருக்கும் என்பதற்காக அதை ரேடியேட்டரில் ஊற்றுகிறவர்களும் உண்டு. குடிக்க நல்ல தண்ணீரிலும் உப்பு இருக்கத்தான் செய்யும். சூடான இடத்தில் அது சுண்ணாம்பாகப் படியும், குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். பாட்டரிக் கடையில் கிடைக்கும் தூய தண்ணீரையும் கூலன்ட்டையும் சரிபாதியாகக் கலந்து ஊற்ற வேண்டும், அல்லது கலந்தே வருவதை வாங்க வேண்டும். கூலன்ட் என்பது நிறம் போட்ட தண்ணீர் இல்லை. அதிலுள்ள கிளைகால் கொதிநிலையை உயர்த்துகிறது, அரிப்புத் தடுப்பான்கள் உலோகத்தைக் காக்கின்றன. உலோக அரிப்பைப் பற்றி ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் காரைக்குடியில் இருக்கிறது. அதன் வாசலைத் தாண்டிப் போகிற நம் வண்டிகளுக்குள் துருத் தண்ணீர் ஓடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

ரேடியேட்டர் மூடியை யாரும் பொருட்படுத்துவதில்லை. அதன் தலையில் 0.9, 1.1 என்று எண் பொறித்திருக்கும், அது தாங்கும் அழுத்தம். ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் வெறும் தண்ணீரே 120 டிகிரியில்தான் கொதிக்கும். ரப்பர் வெடித்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது, 100ஐத் தாண்டியதும் கொதித்து வெளியே தள்ளும். மாற்றுவது எளிது, விலையும் குறைவு. அதே எண் உள்ளதையே வாங்குங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் இந்த மூடியைத் திறக்காதீர்கள், முகமும் கையும் வெந்துபோகும்.

அடுத்தது தெர்மோஸ்டாட் வால்வு. பெரும்பாலும் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். இதில் மாற்றுவதா, கழற்றி எறிவதா என்று இரண்டு கட்சி உண்டு. "நம்ம ஊர் வெயிலுக்கு வால்வு எதுக்கு?" என்று கழற்றிவிடுவது பழைய பழக்கம். நான் மாற்றுகிற கட்சி. வால்வு இல்லாமல் இன்ஜின் தேவையான சூட்டுக்கு வருவதற்கே நேரமாகும், டீசல் கூடுதலாகச் செலவாகும். இதைவிட முக்கியமான ஒன்று: பல இன்ஜின்களில் வால்வின் அடித்தட்டுதான் பைபாஸ் வழியை அடைக்கிறது. வால்வைக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே இன்ஜினுக்குத் திரும்பும். குளிரும் என்று கழற்றியது கூடுதலாகச் சூடாக்கும்.

வாட்டர் பம்பு கெட்டால் பெரும்பாலும் ஒழுகிக் காட்டிக் கொடுக்கும். ஒழுகாமல் உள்ளே இறக்கை மட்டும் தேய்ந்து போவதும் உண்டு, கண்டுபிடிக்கச் சிரமம். கூலன்ட் மாற்றிய மறுநாளிலிருந்து சூடாகிறது என்றால் வேறெதையும் தேட வேண்டாம், உள்ளே காற்று மாட்டியிருக்கிறது, அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ரேடியேட்டர்: சுத்தம் செய்வதா, புதிது போடுவதா

மச்சானுக்கு உண்மையான முடிவு இங்கேதான் எடுக்க வேண்டியிருந்தது. ரேடியேட்டர் கடைக்காரர் வெப்பத்தைத் தூரத்திலிருந்தே காட்டும் கன்னை வைத்து மேலிருந்து கீழாகப் பார்த்தார். மேலே 92, நடுவில் 80, கீழே மூன்றில் ஒரு பங்கு இடம் முழுக்க 50ஐ ஒட்டி. நல்ல ரேடியேட்டரில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சூடு படிப்படியாகக் குறையும். இப்படித் திட்டாகக் குளிர்ந்திருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை என்று பொருள்.

பழைய பித்தளை ரேடியேட்டராக இருந்தால் நான் சுத்தம் செய்யவே சொல்லியிருப்பேன். மேல் தொட்டியைப் பற்றவைப்பு உருக்கிப் பிரித்து, குழாய்களுக்குள் கம்பி விட்டு அடைப்பெடுத்து, மறுபடி பற்றவைக்கலாம். தலைமுறையாக இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ரேடியேட்டரும் பல வருடம் உழைக்கும்.

இப்போது வருவதெல்லாம் அலுமினியக் குழாய், பிளாஸ்டிக் தொட்டி. விளிம்பை மடக்கி ரப்பர் வைத்துப் பூட்டியிருப்பார்கள். அதை ஒரு முறை நிமிர்த்தி மறுபடி மடக்கினால் பழைய பிடிமானம் வராது. ஆசிட் ஊற்றி அடைப்பெடுப்பது அலுமினியத்தையே தின்றுவிடும். மென்மையான ஃபிளஷ் திரவம் லேசான படிவுக்குப் போதும், மூன்றில் ஒரு பங்கு அடைத்துப் போனதற்குப் போதாது. ஏழெட்டு வருடச் சூட்டில் பிளாஸ்டிக் வேறு மொறுமொறுவென்று ஆகியிருக்கும். சுத்தம் செய்வதற்குப் புதியதின் விலையில் நாலில் ஒரு பங்குதான் என்பது உண்மை. ஆனால் நடுவழியில் தொட்டி வெடித்தால் கூலன்ட்டும் போய் ஹெட்டும் போகும். புதிது போடச் சொன்னேன்.

ஏசி கடைக்கும் ஹெட் வேலைக்கும் எப்போது போவது

ஏசி பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சமீபத்தில் கேஸ் ஏற்றிய பிறகுதான் சூடாகத் தொடங்கியது என்றால் அளவுக்கு மேல் ஏற்றியிருக்கலாம். எவ்வளவு கிராம் என்பது பானெட்டுக்குக் கீழே ஒட்டிய தாளில் இருக்கும், எடை போட்டு ஏற்றும் மெஷின் உள்ள கடைக்குப் போங்கள். ஏசி போட்டதும் இன்ஜின் திணறி, கம்ப்ரஸரிலிருந்து அரைக்கும் சத்தம் வந்தால் கம்ப்ரஸர் இறுகுகிறது. இரண்டும் இல்லாமல் ஏசி கடையில் தொடங்குவதற்குக் காரணம் இல்லை.

ஹெட் கேஸ்கெட் வேலையைச் சாட்சி இல்லாமல் ஒத்துக்கொள்ளவே கூடாது. சாட்சிகள் இவை: வெளியே எங்கும் ஒழுகாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போவது, சூடான பிறகும் சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை, ஆயில் மூடியின் அடியில் பால் கலந்தது போல் குழம்பு, ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டர் வாயில் குமிழி விடாமல் வருவது. குளிர்காலத்தில் குறுந்தூரம் ஓடும் வண்டியில் ஆயில் மூடியடியில் கொஞ்சம் வெண்மை வருவது சகஜம், அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் உள்ள குப்பியை வைத்து ஆவியை இழுத்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது. எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும், டீசலில் பச்சை பக்கமாகப் போகும். அதைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். பெரிய சர்வீஸ் மையத்துக்குப் போகத்தக்க இடம் இதுதான். இத்தகைய சோதனைகளுக்கும், கம்ப்யூட்டர் ஃபேனுக்கு உத்தரவு தருகிறதா என்று ஸ்கேனரில் பார்ப்பதற்கும் அங்கே வசதி உண்டு. ஃபேன், ரிலே, ஒயர் என்றால் ஊரில் உள்ள நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு நிகர் இல்லை.

மச்சான் வண்டியில் அந்தச் சோதனையையும் செய்தோம். திரவம் நீலமாகவே இருந்தது. அந்த ஒரு குப்பிதான் அவரை நிம்மதியாகத் தூங்க வைத்தது என்று அக்கா சொன்னாள்.

புது ரேடியேட்டர், புது மூடி, புது வால்வு, அளவாகக் கலந்த கூலன்ட் எல்லாம் போட்டு, காற்றை எடுத்துவிட்டு, அடுத்த வாரமே மதுரைக்குக் கிளம்பினார். காளையார்கோவில் தாண்டி ஏசி முழுக் குளிரில், 85 வேகத்தில், உச்சி வெயிலில் எண் 94. சிவகங்கையில் டீ குடிக்க நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் பத்து நிமிடம் வைத்திருந்து பார்த்தாராம், 99 போய் ஃபேன் சீறியதும் 95க்கு இறங்கியிருக்கிறது. பழைய ரேடியேட்டரைக் கடைக்காரர் வெட்டிக் காட்டிய துண்டு அவர் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. கீழ் வரிசைக் குழாய்களுக்குள் குண்டூசி நுழைய இடமில்லை, அவ்வளவு சுண்ணாம்பு. தோப்புக்கு அவர் கொண்டுபோகும் கேனில் இப்போது கலந்த கூலன்ட் இருக்கிறது. மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் வெள்ளை பெயின்ட்டில் மூடிக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்.